மழைக்கு ஜெபிக்க வேண்டியவள்

காணிக்கை எடுத்து முடிந்ததும் நீங்கள் எழுந்து மழைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஐயர் கோயில் வாசலில் வைத்துச் சொன்னபோது லீதியாள் சரி ஐயா என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் ஐயர் அங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். இந்தச் சபைக்குப் போதகராக வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனிதர்தான். குளம் வற்றிக் கிடக்கிறது, மழைக்கு ஜெபிக்க வேண்டும், பெண்கள் ஐக்கியத்தில் நன்றாக ஜெபிக்கிறவர் யார், லீதியாள் அம்மா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். லீதியாள் அம்மா வீட்டுச் சோறு உப்பளத்துச் சோறு, மழை பெய்தால் கரைந்துபோகிற சோறு என்பது அவருக்கு எப்படித் தெரியும். எபனேசர்புரத்தில் கோயிலுக்குக் கிழக்கே உப்பளம், மேற்கே வாழை. கிழக்கே இருக்கிறவர்களுக்கு ஐப்பசி பிறக்கிற வரைக்கும் வெயில் அடிக்க வேண்டும். மேற்கே இருக்கிறவர்களுக்கு இப்போதே, இந்த ஆவணியிலேயே, ஒரு மழையாவது வேண்டும். இரண்டு பக்கத்துக்காரர்களும் இந்த ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரே ஆளிடம்தான் கேட்கிறார்கள். ஆள் என்று சொல்லலாமா. மனசுக்குள்தானே. பெண்கள் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கை சுகிர்தம் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தாள். சுகிர்தத்தை மேற்கே கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டு வாழை குலை தள்ளுகிற பருவத்தில் நடுத்தண்டு ஒடிந்து சாய்கிறது என்று போன வாரம்தான் சொல்லி அழுதிருந்தாள்.

"ஐயர் உன்னயா ஜெபிக்கச் சொன்னாவ?" என்றாள் சுகிர்தம்.

"ஆமா."

"பண்ணுவியா?"

"பண்ணாம?"

"உள்ளத்தோட பண்ணுவியான்னு கேட்டேன்க்கா."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும். மணி அடித்தது, எல்லாரும் எழுந்தார்கள், ஆர்மோனியம் இழுத்தது, முதல் பாட்டு தொடங்கிவிட்டது. உள்ளத்தோட பண்ணுவியா. லீதியாளின் வாய் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, முப்பது நாற்பது வருஷமாகப் பாடின பாட்டுக்கு வாய் மட்டும் போதும், உள்ளம் எதற்கு. ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அவள் கணவர் ஆசீரின் பிடரி தெரிந்தது. வெயிலில் கன்றிக் கறுத்த பிடரி, நடுவில் ஒரு வரி, அந்த வரிக்குள் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வெள்ளைப் பொருக்கு. அவர் பாடவில்லை. போன வருஷம் பங்குனியில் உப்பு பூத்து நிற்கிற நேரத்தில் கடலோரம் மட்டும் ஒரு மழை கொட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அவர் பாடுவதில்லை. அப்படி ஒரு மழை. கோயிலுக்கு மேற்கே ஒரு பொட்டு விழவில்லை, கிழக்கே மட்டும் மத்தியானத்தில் இருட்டிக்கொண்டு வந்து ஊற்றியது. பாத்தியில் பூத்திருந்த உப்பு பால் மாதிரி கலங்கிக் காணாமல் போனது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு நாலு பக்கமும் கன்னம் வற்றி ஒடுங்கியது. ஆசீர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உப்பு இழுக்கிற வாருபலகையைக் கீழே வைக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பான் என்று அவள் காத்திருந்து காத்திருந்து, ஒரு மாதம் போல ஆன பிறகு, குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்றார். அதுதான் முதல் பேச்சு. அவள் அடுக்களைக்குள் போய் அழுதாள், நல்ல அழுகைதான். ஆனால் அந்த மாதத்தை அவள் மறக்கவில்லை. அந்த மாதத்தில்தான் அவள் விடிகாலையில் எழுந்து முழங்கால் போட்டு ஆண்டவரே மழை வேண்டாம் என்று கேட்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆசீரிடம்கூட. மழை வேண்டாம், இந்த வருஷம் உப்பு முடிகிற வரைக்கும் வேண்டாம். பிறகு போன ஐப்பசியும் கார்த்திகையும் வந்தன. மழைக்காலத்திலாவது பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. குளம் நிறையவில்லை. இந்த வருஷம் குளத்தின் நடுவில் ஆடு மேய்கிறது, ஊர்க்கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது, பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அவளும் நிற்கிறாள். அவள்தான் கேட்டாள்.

பாவ அறிக்கை சொல்ல எல்லாரும் முழங்கால் போட்டார்கள். எல்லாரோடும் சேர்ந்து சொல்கிற பாவ அறிக்கையில் ஒரு வசதி உண்டு, அவரவர் பாவம் கூட்டத்துக்குள் காணாமல் போய்விடும். லீதியாள் கண்ணை மூடினாள். நான் கேட்டதால்தான் மழை நின்றதா. அப்படி நினைக்கப் பயமாக இருந்தது, சரி, ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சின்னப் பெருமை. என் ஜெபத்துக்கு அவ்வளவு பலமா என்கிற பெருமை. இத்தனை பேர் மழை வேண்டும் என்று கேட்டும் லீதியாள் ஒருத்தி கேட்டது எடுபட்டுவிட்டது என்கிற பெருமை. பயமும் பெருமையும் ஒரே பாயில் படுத்துக் கிடந்தன, இத்தனை நாளும் அவள் பயத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். லீதியாள் அக்கா ஜெபம் பண்ணினா வானம் திறக்கும் என்று சொல்வார்கள் இல்லையா. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அழைத்து வருவார்கள், பிரசவத்துக்குப் போகிறவளை அழைத்து வருவார்கள். அந்த ஜெபத்தை யாரிடம் படித்தாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் படித்தது. வேதபாடமாகப் படித்ததில்லை. அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்க முடியாது. முதலில் அவர் நல்லபடியாக இருக்க வேண்டும், சட்டை நல்லா இருக்குப்பா என்று சொல்ல வேண்டும், போன தடவை வாங்கிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு, கேட்கிறதே தெரியாத மாதிரி, பக்கத்து வீட்டுப் பிள்ளை கொலுசு போட்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஐந்து பிள்ளைகளில் இந்த வித்தை லீதியாளுக்குத்தான் கைவந்தது. சுகிர்தம் நேராகப் போய்க் கேட்டு அடி வாங்குவாள். பெரியவளாகிக் கோயிலில் எழுந்து நின்று ஜெபிக்க ஆரம்பித்தபோது லீதியாளுக்கு அந்த நெளிவு அப்படியே வந்தது. துதி, துதி, துதி, பிறகு மெதுவாக விண்ணப்பம். எல்லாரும் உருகினார்கள். அவள் அப்பாவின் சட்டையைத்தான் இவ்வளவு நாளும் புகழ்ந்துகொண்டிருந்தாளா.

எழுந்து உட்கார்ந்தார்கள். வேதபாடம் யாரோ வாசித்தார்கள், மின்சாரம் போனது, மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன, ஜன்னல் வழியாக உப்பளத்துக் காற்று, வேர்வையும் கடலும் கலந்த ஒரு வாடை. சுகிர்தம் முந்தானையால் விசிறிக்கொண்டாள், அந்தக் காற்று லீதியாள் பக்கமும் வந்தது. தங்கையின் கை மெலிந்திருந்தது. எட்வின் செத்தபோது லீதியாளைத் தாங்கினது இந்தக் கைதான். எட்வின் லீதியாளின் ஒரே பிள்ளை, ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் எல்லா வித்தையையும் காட்டினாள், புகழ்ந்தாள், நேர்ந்துகொண்டாள், என்னை எடுத்துக்கொள்ளும் என்றாள், கடைசியில் திட்டினாள். பிள்ளை போய்விட்டான். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ஜெபிக்கவில்லை. கோயிலுக்கு வந்தாள், சுகிர்தம் கையைப் பிடித்து அழைத்து வருவாள், உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறக்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை, கேட்டால் தருகிறவர் என்ற எண்ணமும் இல்லை. பகலில் உப்பளத்துக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருப்பாள். வெயிலில் பாத்தித் தண்ணீர் அசையாமல் கிடக்கும், மேலே ஏடு கட்டும், உப்பு விளைவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விளையும். ஒரு நாள், எந்த நாள் என்று நினைவில்லை, காரணமும் இல்லை, யாரோ தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரமாகிறது என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை அவர், ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை, பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. உட்கார்ந்திருந்தார். ஆண்டவரும் பிள்ளையைச் சாகக் கொடுத்தவர் என்று சின்ன வயசிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த விஷயம் அன்றைக்குத்தான் ஒரு விஷயமாக இல்லாமல் ஒருத்தராக இருந்தது. அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் உண்மையாக ஜெபித்தது அந்த ஒரு மத்தியானம்தான். அப்புறம் என்ன ஆனது. துக்கம் ஆறியது, வேலை வந்தது, பெண்கள் ஐக்கியம் வந்தது, பழைய வித்தை திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. தெரிந்த ஒருத்தரைத் தெரியாதவராக்கி மறுபடியும் சட்டையைப் புகழ ஆரம்பித்தாள்.

ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். எலியா ஜெபித்து வரவழைத்த மழையைப் பற்றித்தான், வேறு எதைப் பற்றிப் பேசுவார். லீதியாளின் பார்வை ஆசீரின் பிடரிக்குப் போனது. இந்த மனுஷனிடம் எப்படிக் கேட்டாள் முதலில். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கேட்க மூன்று நாள் ஒத்திகை பார்த்தாள். மீன்குழம்பு வைத்து, பேச்சைச் சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டதும், போயிட்டு வா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு என்றார். அவரை அப்பா மாதிரி நினைத்திருந்தாள். தெரியாதவரிடம்தான் சுற்ற வேண்டியிருக்கிறது. இப்போது கேட்பதே இல்லை. இடுப்பு வலிக்குது என்று சொன்னால் போதும், தண்ணீர்க் குடத்தை அவர் எடுத்துக்கொண்டு போவார். சிலது கேட்பதும் இல்லை. அவர் அண்ணன் வீட்டுக்கு வாருங்கள் என்று ஒருபோதும் கேட்க மாட்டாள், அது அவருக்கு எவ்வளவு நோகும் என்று தெரியும். கேட்காதே என்று அவர் சொன்னதில்லை. அவரைத் தெரிந்த பிறகு அந்தக் கேள்வி தானாக உதிர்ந்துவிட்டது. இங்கே வந்து அவள் நினைப்பு முள்ளில் துணி மாட்டின மாதிரி நின்றது. ஆண்டவரை இப்படித் தெரிந்திருந்தால் நான் மழை வேண்டாம் என்று கேட்டிருப்பேனா. சுகிர்தத்தின் வாழையைக் காயப்போட்டு என் உப்பைக் காப்பாற்றுகிற ஒருத்தர் என்று நினைத்துத்தானே கேட்டேன். அப்படி ஒருத்தர் வரப்பில் வந்து உட்கார்ந்திருப்பாரா. நான் கேட்டு மழை நிற்கவில்லை. நான் கேட்டதற்காக ஒரு ஊரின் கிணற்றைக் கரிக்கச் செய்கிறவர் இல்லை அவர், அவ்வளவு மலிவானவர் இல்லை. இதை நினைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, கூடவே அந்தச் சின்னப் பெருமையும் இறங்கியது, அது இறங்கும்போது கொஞ்சம் வலித்தது. சரி. அப்படியென்றால் இப்போது மழை வேண்டும் என்று கேட்டால் மட்டும். வேண்டாம் என்கிற உள்ளத்தை வைத்துக்கொண்டு வேண்டும் என்று வாயால் சொன்னால் அதுவும் சட்டையைப் புகழ்வதுதானே. உள்ளத்தோட பண்ணுவியா. பண்ண முடியாது சுகிர்தம். என் உள்ளத்தில் ஆசீர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உப்பு போனால் போகட்டும், அடுத்த வருஷம் விளையும், இந்த மனுஷன் மறுபடி அந்தப் பேச்சில்லாத கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் நான் எப்படித் தூக்குவேன். எனக்கு வேண்டியது வெயில்கூட இல்லையோ. ஒன்றரை வருஷமாக வெயிலைக் கேட்டேன், எனக்கு வேண்டியது வெயில் இல்லையோ.

காணிக்கைப் பை பெஞ்சு பெஞ்சாகப் போனது. ஐயர் பீடத்தின் அருகே நின்று, நம்ம லீதியாள் அம்மா இப்போ மழைக்காக ஜெபிப்பாங்க என்றார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, தலைகள் குனிந்தன. லீதியாள் எழுந்தாள். வழக்கமாகத் தொடங்குகிற வரிகள் நாக்கு நுனியில் வந்து நின்றன, வானத்தையும் பூமியையும் என்று தொடங்குகிற அந்த நீளமான வரிகள். அவள் அவற்றை விழுங்கினாள். சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் வேர்த்து வடிய ஜெபித்தவர் தனக்கு வேண்டாம் என்பதை மறைக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்றார் என்பது அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரோ இருமினார்கள். சுகிர்தம் நிமிர்ந்து பார்ப்பது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது.

"அப்பா," என்றாள் லீதியாள். குரல் அவளுடைய ஜெபக்குரலாக இல்லை, வீட்டில் பேசுகிற குரலாக இருந்தது. "எனக்கு மழை வேண்டாம். அது ஒமக்குத் தெரியும். ஒண்ணர வருஷமா வெடியகாலம் எந்திரிச்சி மழை வேண்டாம்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்ப எல்லாருக்கும் முன்னால மழை தாரும்னு கேட்டா அது பொய். ஒம்மகிட்ட பொய் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா என் தங்கச்சிக்கு மழை வேணும். கொளத்துக்கு வேணும். பிள்ளைக குடிக்கதுக்குத் தண்ணி வேணும். ஒம்ம எனக்குக் கொஞ்சம் தெரியும். அவ வயித்துல அடிச்சு என் வயித்த நெறைக்கவரு இல்ல நீரு. அதனால நான் கேட்டத நானே திருப்பி எடுத்துக்கிடுதேன். மழை தாரும் அப்பா." அவள் மூச்சு வாங்கினாள். முடித்துவிடலாம் என்று தோன்றியது, முடிக்க முடியவில்லை. "மழ வந்தா எங்க உப்பு போயிரும். போவட்டும். எங்க வீட்டுக்காரர மட்டும் பாத்துக்கிடும். போன தடவ அவுக ஒரு மாசம் பேசல. நான் பயந்துட்டேன். இத்தன நாளும் வெயில் வேணும்னு நான் கேட்டது இதுக்காகத்தான்னு இப்பதான் எனக்கே தெரியுது. வேற ஒண்ணும் எனக்குக் கேக்கத் தெரியல."

ஆமென் சொல்ல மறந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. வெளியே ஒரு காகம், ஐயர் அங்கியின் சரசரப்பு. அவமானம் என்ற சொல் அவள் காதுக்குள் சூடாக ஏறியது. வீட்டு விஷயத்தைக் கோயிலில் வைத்துக் கொட்டிவிட்டோம், அந்த மனுஷனின் தலையைக் குனிய வைத்துவிட்டோம். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் ஆமென் என்றது. ஆசீரின் குரல். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒன்றுசேராமல். சுகிர்தம் கையை லீதியாளின் மடியில் வைத்தாள்.

கோயில் விட்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஆசீரும் சுகிர்தத்தின் கணவர் தேவசித்தமும் நின்றுகொண்டிருந்தார்கள். லீதியாள் கிட்டே போகத் தயங்கி, செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றாள்.

"அண்ணாச்சி, அம்பாரம் மூடிட்டியளா?" என்று தேவசித்தம் கேட்பது காதில் விழுந்தது.

"எங்க மூட. பாதிக்குத்தான் ஓல கெடக்கு. ஆளும் இல்ல."

"நாளைக்கு நாங்க வாறோம். காஞ்ச வாழச் சருகு வண்டி வண்டியாக் கெடக்கு. தார்ப்பாயும் ரெண்டு இருக்கு எங்ககிட்ட."

"மழ வரட்டும்னு ஜெபம் பண்ணிட்டு உப்ப மூட வாறியளா?" ஆசீர் சிரித்த மாதிரி இருந்தது.

"வரும்னு நம்பித்தான அண்ணாச்சி மூடணும்."

மறுநாள் அவர்கள் வந்தார்கள், மேற்கேயிருந்து ஐந்தாறு குடும்பம். அம்பாரத்தின்மேல் சருகும் ஓலையும் தார்ப்பாயும் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். பாத்தியில் விளைந்துகொண்டிருந்ததை ஒன்றும் செய்ய முடியாது, அது அப்படியே கிடந்தது. அந்த வாரம் மழை வரவில்லை. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. லீதியாள் விடிகாலையில் எழுந்து முழங்கால் போடுவாள், பழைய வார்த்தை வாயில் வரும், நிறுத்திக்கொள்வாள், பிறகு வெறுமனே இருப்பாள். ஐயரின் மனைவி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, நீங்க அன்னைக்கு ஜெபிச்சது எங்க ஐயாவுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, அடுத்த வாரப் பிரசங்கத்தக் கிழிச்சிட்டு மறுபடி எழுதுதாவ என்று சொல்லிவிட்டுப் போனாள். லீதியாளுக்கு அதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் மழை வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் பெய்தது. சாயங்காலம் வரை விடவில்லை. பாத்திகள் கலங்கின, வரப்பு முங்கியது, அந்த வருஷத்து விளைச்சல் அத்தோடு முடிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே அம்பாரம் நின்றது. ஆசீர் நனைந்து வந்து வாசல் நடையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. லீதியாளுக்கு அந்த முகம் தெரியும். உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் திரும்பவில்லை. சாப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டாள். ஆண்டவரே என்று மனசுக்குள் தொடங்கி அதையும் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாரல் இரண்டு பேர் காலையும் நனைத்தது. சோறு ஆறியது. மேற்கே குளத்துக்குப் போகிற ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, இரண்டு வருஷத்துக்குப் பிறகு. ரொம்ப நேரம் கழித்து ஆசீர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய் எடுத்தவர் நிறுத்தினார்.

"நீ சாப்ட்டியா?" என்றார்.